‘இங்கும் அங்கும்’: கோடார் விட்டுச்சென்ற கேள்வியும் நமது ஒளிநாடாக்களும்

2022 செப்ரெம்பர் 13ஆம் திகதி, லெமன் ஏரிக்கரையிலுள்ள றோல் என்ற சிற்றூரில், சுவிஸ் சட்டம் இடங்கொடுக்கும் உதவியுடனான மரணத்தைத் தேர்ந்துகொண்டு ழான்-லுக் கோடார் காலமானார். வயது 91. அதற்கு இரண்டு நாட்கள் முன்னர்தான் ஜெனீவாவில் அலன் ரனர் இறந்திருந்தார். பிரெஞ்சு சுவிஸின் இரு பெரும் நெறியாளர்களும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். ரனருக்குக் கிடைக்க வேண்டிய அஞ்சலிப் பக்கங்களையும் கோடாரே எடுத்துக்கொண்டார் என்பது வேறு கதை.

அந்த அஞ்சலிகளில் அநேகமானவை 1960இல் தொடங்கி 1967இல் முடிந்துவிட்டன. ‘மூச்சிரைக்க’ (1960) படத்தில் ஒரே காட்சிக்குள் துண்டு துண்டாக வெட்டித் தாவிச் செல்லும் படத்தொகுப்பு, தெருவில் கையில் தூக்கிய கமரா, தள்ளுவண்டிக்குள் ஒளிந்திருந்து படம்பிடித்த ஒளிப்பதிவாளர் றவுல் கூத்தார் என்று எழுதிவிட்டு, பின்னர் வந்த ஐம்பத்தைந்து வருடங்களை ‘கடினமான பிற்காலம்’ என ஒரு பந்தியில் மூடிவிட்டார்கள். சுயாதீன சினிமாவில் கோடாரின் பாதிப்பு என்றால் இன்றும் பலர் கருதுவது இந்தத் தாவல் வெட்டைத்தான். அது இன்று சோப்பு விளம்பரத்திலும் இருக்கிறது. குவென்ரின் ரறன்ரினோ தனது தயாரிப்பு நிறுவனத்துக்குக் கோடாரின் 1964ஆம் ஆண்டுப் படமொன்றின் பெயரையே வைத்துக்கொண்டார். இதுவும் பாதிப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் அகதிகளாகிய நமக்கு, அதிலும் போர் ஒன்றின் படிமங்களைச் சுமந்துகொண்டு இந்த நாட்டில் வாழ்கின்ற நமக்கு, முக்கியமான கோடார் 1970இற்குப் பின் வருபவர். அவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அதற்கு முன் அவருடைய சுவிஸ் தொடர்பு பற்றிச் சிறிது. பாரிஸில் 1930இல் பிறந்தவர், நியோனில் வளர்ந்தவர். தந்தை வைத்தியர், தாய் பெரிய வங்கிக் குடும்பத்தவர். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் இந்த இளைஞர் வலே கன்ரோனில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த கிறான்ட் டிக்சான்ஸ் அணைக்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். 1961இல் முடிவடைந்து 285 மீற்றர் உயரத்தில் நிற்கும் அதே அணைதான். முதலில் கூலி வேலை, பின்னர் தொலைபேசி இணைப்பகத்தில். அங்கு சேர்த்த பணத்தில் அந்தக் கட்டுமானத்தைப் பற்றியே ‘கொங்கிறீற் நடவடிக்கை’ என்ற இருபது நிமிட விவரணப்படத்தை எடுத்தார். கட்டுமான நிறுவனம் அதை விலைகொடுத்து வாங்கியது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அணைக்கட்டு வேலை ஒரு பருவம். அங்கு சீமெந்து கலந்த மற்றவர்களுக்கு அது சீவியம். இதை மறந்துவிட்டு அவரைப் ‘பாட்டாளிக் கலைஞர்’ ஆக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆயினும் வேலை செய்யும் கைகளைப் பார்க்கும் பழக்கம் அங்கு தொடங்கியது என்றே எண்ணுகிறேன்.

இரண்டாவது முழுநீளப் படமான ‘சின்னச் சிப்பாய்’ 1960இல் ஜெனீவாவில் எடுக்கப்பட்டது. அல்ஜீரியப் போர் உச்சத்தில் இருந்த நேரம். படத்தின் நாயகன் பிரெஞ்சுத் தரப்புக் கொலைப் பிரிவில் மாட்டிக்கொண்டவன். அவனைச் சித்திரவதை செய்பவர்கள் அல்ஜீரிய விடுதலை இயக்கத்தினர். அவனது காதலியைச் சித்திரவதை செய்து கொல்பவர்களோ பிரெஞ்சுக்காரர். அரசாங்கம் 1963 வரை படத்தைத் தடைசெய்தது. இடதுசாரிகளோ விடுதலைப் போராளிகளைச் சித்திரவதையாளர்களாகக் காட்டிவிட்டான் எனத் திட்டினார்கள். இரு தரப்பும் ஒரே நேரத்தில் ‘துரோகி’ என்றால் என்ன நிலை என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1968இன் எழுச்சிக்குப் பின்னர் கோடார் தன் பெயரையே கைவிட்டு, ழான்-பியேர் கொறானுடன் சேர்ந்து ‘சிகா வேர்ரோவ் குழு’ என்ற கூட்டுப் பெயரில் படங்கள் எடுத்தார். அவற்றில் பல இன்று பார்க்கச் சலிப்பானவை. சுவரொட்டிகளைத் திரையில் வாசிப்பது போன்றவை. 1970இன் முதற்பாதியில் இக்குழு பலஸ்தீனியப் போராளிகளைப் படம்பிடிக்க ஜோர்தான், லெபனான் பகுதிகளுக்குச் சென்றது. பதா இயக்கத்தின் அனுசரணையும் அரபு லீக்கின் பணமும் இருந்தன. படத்துக்கு ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று: ‘வெற்றி வரை’. உள்ளே ஐந்து தலைப்புகள்: மக்களின் விருப்பு, ஆயுதப் போராட்டம், அரசியல் வேலை, நீடித்த போர், வெற்றி வரை. வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பரிச்சயமானது. அதிகாரங்களின் தலைப்புகளை முதலில் எழுதிவிட்டு, அவற்றை நிரப்ப ஆதாரம் தேடிப் போவது.

அந்த வருட செப்ரெம்பரில் ஜோர்தானிய இராணுவம் பலஸ்தீனியப் போராளிகள்மீது பாய்ந்தது. ‘கறுப்பு செப்ரெம்பர்’ என்று வரலாற்றில் பதிவாகியுள்ள அந்த நாட்களில், படச்சுருளில் சிரித்துக்கொண்டும் பயிற்சி எடுத்துக்கொண்டும் இருந்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். ‘வெற்றி வரை’ முடிக்க முடியாத படமாயிற்று. 1971இல் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் கோடார் படுகாயமடைந்தார். அதன்பின் குழுவும் கலைந்தது. படச்சுருள்கள் பெட்டிக்குள் கிடந்தன.

அவற்றை 1974 அளவில் மீண்டும் எடுத்து மேசையில் வைத்தவர்கள் கோடாரும், லோசானில் பிறந்த ஆன்-மரி மியேவில்லும். 1976இல் வெளியான ‘இங்கும் அங்கும்’ ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படம். ‘அங்கு’ என்பது 1970இன் பலஸ்தீனப் படச்சுருள். ‘இங்கு’ என்பது பிரான்சில் ரெலிவிஷன் முன் அமர்ந்திருக்கும் ஒரு சாதாரண தொழிலாளர் குடும்பம். படத்தில் பிரெஞ்சின் ‘எ’ என்ற இரண்டெழுத்து இணைப்புச் சொல், பெரிய கட்டைகளாகச் செதுக்கப்பட்டுத் திரையில் நிற்கிறது. கேள்வி அந்தச் சொல்லின்மேல்தான்: இங்கையும் அங்கையும் இணைப்பது எது? தமிழில் இந்தச் சொல்லைத் தனியே செதுக்கி நிறுத்தவே முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள். நமது ‘உம்’ இரு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டே வரும். இங்கும், அங்கும். எதிலிருந்தும் பிரித்தெடுக்க முடியாதபடி.

படத்தில் இரு குரல்கள் பேசுகின்றன. கோடாரின் குரல் படங்களை விளக்குகிறது. மியேவில்லின் குரல் அவரை நிறுத்துகிறது. கராமே நகரின் இடிபாடுகளுக்கு நடுவே ஒரு சிறுமி மஹ்மூத் தர்வீஷின் கவிதையொன்றை உரத்த குரலில், கைகளை வீசி ஒப்புவிக்கிறாள். மியேவில் சொல்வதன் சாரம் இது: பிள்ளை களங்கமற்றவள், ஆனால் அவள் நிற்கும் இந்த நாடக மேடை அவ்வளவு களங்கமற்றதல்ல, இந்தக் கைவீச்சு பழைய பிரெஞ்சுப் புரட்சி நாடகத்திலிருந்து வந்தது. இன்னோரிடத்தில், தன் வயிற்றுப் பிள்ளையைப் புரட்சிக்குக் கொடுப்பதில் பெருமைப்படும் ஓர் இளம்பெண். மியேவில் தகவலை உடைக்கிறார். அவள் கர்ப்பிணியே அல்ல. இயக்கத்துக்கு ஆதரவான, படித்த ஒரு பெண். முகம் அழகாக இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவள். நெறிப்படுத்தப்படுபவள் மட்டுமே திரையில் தெரிகிறாள், நெறிப்படுத்துபவன் தெரிவதேயில்லை என்கிறார். இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் மியேவில்லின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்து செல்வது எனக்கு விளங்காத காரியம். படத்தின் மனச்சாட்சி அவருடைய குரலில்தான் இருக்கிறது.

ஆனால் படத்தின் மையம் வேறொரு காட்சி. நடவடிக்கை ஒன்றிலிருந்து திரும்பிய சில போராளிகள் மரங்களுக்கு நடுவே குந்தியிருந்து பேசிக்கொள்கிறார்கள். படம்பிடித்தவர்களுக்கு அரபு தெரியாது. ‘போராளிகளின் அரசியல் கலந்துரையாடல்’ என்று அதை விளங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். வருடங்கள் கழித்து மொழிபெயர்த்துக் கேட்டபோதுதான் தெரிந்தது: அவர்கள் தங்கள் பொறுப்பாளருடன் சண்டைபிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தால் கடக்கச் செய்கிறீர்கள், எதிரி அங்கே காத்திருக்கிறான், எங்களைச் சாகக் கொடுக்கிறீர்கள் என்பது அவர்களின் முறைப்பாடு. சில மாதங்களில் அவர்கள் உயிருடன் இல்லை. அந்தக் குழுவுடன் மொழிபெயர்ப்பாளராகச் சென்ற பலஸ்தீன அறிஞர் எலியாஸ் சன்பார் பிற்காலத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாகப்போகிறவர்கள் ‘நாங்கள் சாகப்போகிறோம்’ என்று கமராவின் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் மொழி தெரியாமை மாத்திரமல்ல என்று படமே ஒப்புக்கொள்கிறது. ஒலியை மிக உயர்த்தி வைத்திருந்தோம், வியற்நாம் ஆனாலும் பலஸ்தீனம் ஆனாலும் அதே ‘சர்வதேச கீதம்’, அந்தச் சத்தத்துக்குள் அடியில் இருந்த குரல் அமிழ்ந்துபோயிற்று என்பதே அதன் வாக்குமூலம். பலஸ்தீன விடுதலையில் தன் நம்பிக்கையைக் கோடார் இதற்காகக் கைவிடவில்லை. 2004இன் ‘நமது இசை’ படத்தில் தர்வீஷே நேரில் தோன்றுகிறார். நியாயத்தைக் கைவிடாமலே தன் படத்தை விசாரிக்க முடியும் என்பதுதான் விஷயம்.

குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. இதே படத்தில் கோல்டா மெயிரின் படத்தையும் ஹிட்லரின் படத்தையும் ஒன்றின்மேலொன்றாக வைக்கும் இடம் உண்டு. யூத விரோதம் என்ற குற்றச்சாட்டு அதிலிருந்து தொடங்கிக் கடைசிவரை அவரை விடவில்லை. இரண்டு படங்களை அருகருகே வைத்தால் சிந்தனை பிறக்கும் என்பது அவரது முறை. ஆனால் எந்த இரண்டை வைத்தாலும் பிறப்பது சிந்தனைதான் என்று உத்தரவாதம் கிடையாது. ஒலியை உயர்த்தியதற்காகத் தன்னையே குற்றஞ்சாட்டும் படம், இந்த இடத்தில் தானும் ஒலியை உயர்த்துகிறது.

‘ஒலிப்படம்’ என்று பொருள்படும் ‘ஸொனிமாஜ்’ என்ற சிறு கலையகத்தை இருவரும் முதலில் கிரனோபிளில் நடத்தினார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் அதை றோலுக்குக் கொண்டுவந்தார்கள். வீடியோ அப்போது புதிய, மதிப்பற்ற சாதனம். சினிமாக்காரர் அதைத் தொடமாட்டார்கள். பாரிஸை விட்டு, நட்சத்திரங்களை விட்டு, வீட்டுக்குள்ளேயே ஒரு மேசை, இரண்டு வீடியோக் கருவிகள் என்று வேலைசெய்யலாம் என அவர்கள் செய்து காட்டினார்கள். நான்கு தசாப்தங்களின் பின், 2018இல், ‘படிமங்களின் நூல்’ படத்துக்காகக் கானில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்புக்கு அவர் போகவில்லை. றோலிலிருந்து கைத்தொலைபேசித் திரையில் தோன்றினார். உலகத்தின் பத்திரிகையாளர்கள் அந்தச் சிறு திரையின் முன் வரிசையில் நின்று கேள்வி கேட்டார்கள். ஊருடன் கைத்தொலைபேசித் திரையில் குடும்பம் நடத்தும் நமக்கு இதில் புதுமை குறைவு.

இந்த றோல் காலத்துப் படங்களில் ‘பஸியோன்’ (1982) எனக்கு நெருக்கமானது. இஸபெல் ஹூப்பேர் திக்கிப் பேசும் ஒரு தொழிலாளியாக வருகிறார், வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். பக்கத்தில் ஒரு போலந்து நெறியாளர் பழைய ஓவியங்களை உயிருள்ள மனிதர்களைக் கொண்டு திரும்ப அமைத்துப் படம்பிடித்துக்கொண்டு, வெளிச்சம் சரியில்லை என்று முடிக்காமல் இழுத்தடிக்கிறார். தொழிற்சாலைக்குள் வேலை நடப்பதைச் சினிமா ஏன் காட்டுவதில்லை என்ற கேள்வி அந்தப் பெண்ணிடமிருந்து வருகிறது. மணிக்கூட்டு உதிரிப்பாகம் செய்யும் இடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நாள் முழுவதும் பல்சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இந்தக் கேள்வி விளங்கும். எங்கள் வாசலில் கமராவின்மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை தொங்குகிறது.

பாதிப்பு என்பதை இந்த வழியில் தேடினால் பெயர்கள் மாறுகின்றன. ஜேர்மனியில் ஹாருன் பறொக்கி (இவருடைய தந்தை இந்தியர்) கோடாரைப் பற்றி ஒரு நூலையே இணைந்து எழுதியவர். எண்பதுகளின் இறுதியில் வந்த அவருடைய ‘உலகின் படிமங்களும் போரின் பதிவும்’ ஒரு விமானப் புகைப்படத்தைச் சுற்றி நடக்கிறது. 1944 ஏப்ரல் 4ஆம் திகதி நேச நாடுகளின் விமானமொன்று இரசாயனத் தொழிற்சாலை ஒன்றைப் படம்பிடிக்கப்போய், பக்கத்திலிருந்த அவுஷ்விற்ஸ் முகாமையும் சேர்த்துப் படம்பிடித்துவிட்டது. படத்தை ஆராய்ந்தவர்கள் தொழிற்சாலையைத் தேடினார்கள், தொழிற்சாலையைக் கண்டார்கள். முகாம் அந்தப் படத்தில் இருப்பதை 1977இல்தான் கண்டுபிடித்தார்கள். ‘இங்கும் அங்கும்’ ஒலியில் கண்டதை பறொக்கி ஒளியில் கண்டார். பின்னர் 2016இல் பலஸ்தீனரான மொஹனாத் யகூபி, அவர்களுடைய புரட்சிகரப் படப்பிரிவு எழுபதுகளில் எடுத்து, உலகெங்கும் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து ஒரு படம் செய்தார். அதன் பெயருக்குள்ளும் ‘வெற்றி வரை’ இருக்கிறது. கோடார் பெட்டிக்குள் வைத்த பெயரை உரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நமது பக்கம் வரும்போது, கோடாரிடமிருந்து நேர்கோடு கீற முடியாது, கீறவும் வேண்டியதில்லை. கேரளத்தில் ஜோன் ஏப்ரஹாம் 1984இல் ‘ஒடேசா’ என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கி, ஊரூராகப் போய், படங்களைத் திரையிட்டு, சனங்களிடம் காசு சேர்த்து ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார். இறந்துபோன ஒரு தோழனின் செய்தியை அவனுடைய தாயிடம் சொல்லப் போகிறார்கள். வழியெங்கும் ஒவ்வொருவராகச் சேர்ந்து கூட்டம் பெருகுகிறது. தாயிடம் என்ன சொல்வது என்பதே படம். ஜோன் அடுத்த வருடமே, 1987 மே 31இல், கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தமிழில் அவர் எடுத்த ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) தேசிய விருது பெற்றும் சாதாரண பார்வையாளரைச் சென்றடையவில்லை. படத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே அதன் பொய்யும் வரும் என்பதை இவரும் கோடாரும் தனித்தனியே அறிந்திருந்தார்கள். ‘வெற்றி வரை’ அரபு லீக்கின் பணம். ‘அம்ம அறியான்’ தெருவில் சேர்த்த சில்லறை.

இனி நம்மிடம் உள்ள பெட்டிக்கு வருவோம். தொண்ணூறுகளில் இந்த நாட்டில் தமிழர் வீடுகளில் வி.எச்.எஸ். நாடா இல்லாத அலுமாரி குறைவு. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோவில் தேர், அவற்றுக்கிடையே ‘நிதர்சனம்’ தயாரித்த களத்துப் பதிவுகள். மண்டபங்களில் பெருந்திரையில் அவற்றைப் பார்த்தோம். அவற்றின் அமைப்பு நினைவிருக்கும்: பயிற்சி, அணிவகுப்பு, தாக்குதல், கைப்பற்றிய ஆயுதங்கள், வித்துடல்கள். எல்லாவற்றின் மேலும் பாட்டு. பொடியன்களும் பெட்டையளும் வாயசைத்துப் பேசுவது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. கோடாருக்கு அரபு தெரியாது என்ற சாட்டாவது இருந்தது. திரையில் அசைந்த அந்த வாய்கள் பேசியது தமிழ்.

இதனை ஓர் இயக்கத்தின்மேல் மட்டும் போடும் குற்றமாக நான் எழுதவில்லை. மற்ற இயக்கங்களிடம் கமரா குறைவாக இருந்தது, அவ்வளவே. அரச ரெலிவிஷன் தன் பாட்டைத் தன் படத்தின்மேல் போட்டது. பார்த்துக்கொண்டிருந்த மண்டபமும் இதில் பங்காளி. ‘இங்கும் அங்கும்’ படத்தின் சோபாவில் அமர்ந்திருக்கும் குடும்பம் நாம்தான். பின்னர் 2009 வந்தது. அந்த இறுதி மாதங்களின் படிமங்களில் ஒரு பகுதி, சாகக் கிடந்த மக்களிடையே இருந்தவர்கள் எடுத்தது. இன்னொரு பகுதி, கொன்ற படையினர் வெற்றிச் சின்னமாகத் தங்கள் கைத்தொலைபேசிகளில் எடுத்தது. 2011 ஜூனில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய விவரணத்தில் உலகம் இவை இரண்டையும் கண்டது. நெறிப்படுத்துபவன் தெரிவதில்லை என்ற மியேவில்லின் வாக்கியம் இந்த இரண்டாவது வகைப் படங்களின் முன் வேறு பொருள் கொள்கிறது. அங்கு அவனுடைய சிரிப்பு கேட்கிறது.

அதன்பின் எடுக்கப்பட்டவற்றுள், பரிசு பெற்ற ‘தீபன்’ (2015) ஒரு பிரெஞ்சு நெறியாளரின் படம். ஷோபாசக்தியின் முகம்தான் அதில் நமக்குச் சொந்தம். இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நெருங்கி வருவது ஜூட் ரத்னத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ (2017). 83இல் கொழும்பிலிருந்து தப்பியோடிய பிள்ளை வளர்ந்து வந்து, அரச வன்முறையைச் சொல்வதோடு நிற்காமல், நமது இயக்கங்கள் தமக்குள் கொன்றதையும் கமராவின் முன் கேட்கிறது. 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்படவிருந்த அந்தப் படம், எதிர்ப்பின் பேரில் விலக்கப்பட்டது. படத்துடன் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. அரசின் பொறுப்பு அதில் போதிய பாரத்துடன் வரவில்லை என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விமர்சனத்தைப் படம் பார்த்த ஒரு மண்டபத்தில் யாழ்ப்பாணத்தார் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். 1960இல் பிரான்சின் தணிக்கையாளர் செய்த வேலையை நாம் தணிக்கையாளர் இல்லாமலே செய்து முடித்தோம்.

நமது இளைஞர்கள் குறும்படம் எடுக்கிறார்கள், நல்லது. கமரா மலிவு, கணினியிலேயே வெட்டி ஒட்டலாம். றோலில் கோடாரிடம் இருந்ததைவிட நல்ல கருவிகள் பதினெட்டு வயதுப் பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கின்றன. ஆனால் அவர்கள் எடுப்பதில் பெரும்பகுதி சென்னைச் சினிமாவின் சிறிய பிரதி. போரைப் பற்றி எடுத்தால் மீண்டும் அதே பாட்டு, அதே மெதுவான நடை. புதிதாக எதையும் படம்பிடிக்காமல், ஏற்கெனவே எடுத்த நாடாக்களை மேசையில் வைத்து, பாட்டைக் குறைத்து, அடியில் ஒலி மிஞ்சியிருக்கும் இடங்களைக் கேட்டு ஒரு படம் செய்யலாம் என்று ஒரு பிள்ளையிடம் சொன்னேன். ‘அங்கிள், அதில ஒண்டும் இருக்காது, எல்லாம் டப் பண்ணினது’ என்றான். பல நாடாக்களில் அவன் சொன்னது சரியாகவே இருக்கும். ஆனால் வெட்டி ஒட்டப்படாத, வீட்டுக்காரர் எடுத்த நாடாக்களும் உண்டு. இடப்பெயர்வுக்கு முந்திய ஒரு தேர்த்திருவிழா, விடுப்பில் வந்து தாயின் கையால் சாப்பிடும் ஒருவன், பின்னால் யாரோ எதையோ சொல்லிக் கேட்கும் சிரிப்பு.

வி.எச்.எஸ். கருவி செய்த கடைசி நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நிலவறையின் ஈரத்தில் நாடாவின் காந்தப் பூச்சு உதிர்கிறது. முதலில் நிறம் போகும், பிறகு கோடுகள் விழும். பழைய கருவி ஒன்றையும் கணினியையும் இணைத்துப் பிரதி எடுக்கலாம், பெரிய செலவில்லை. மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் செல்லும். வேகமாக ஓட்டிப் பிரதியெடுக்க வழியில்லை.